குறிப்பில்லாத ஜெபம்

சென்ற வருடம் இரண்டாம் தவணை தொடங்கிய சில நாட்களில் என் மகள் பாடசாலையில் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்போது அவள் ஆறாம் தரம். வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போதுகூடப் பதில் சொல்வதில்லை. கையை மட்டும் உயர்த்துவாள். சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுத்தபடியே திரும்பி வரும். காலையில் ஸ்கூல் வான் வரும் நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் குந்திவிடுவாள்.

இங்கே அவளை ஷெரின் என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. அவளே தெரிவு செய்த பெயர். இந்தச் சாட்சியை எழுதலாமா என்று முதலில் அவளிடம்தான் கேட்டேன். எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். பாடசாலை வெள்ளவத்தையில். புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததால் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது. அன்று நான் சபையில் எழுந்து நின்று நன்றி சொன்னேன். பிறகு அந்த நன்றியையே திரும்பத் திரும்ப யோசித்தேன். பக்கத்தில் இருந்த பழைய பாடசாலையிலேயே விட்டிருக்கலாமோ. வானில் அனுப்பாமல் நானே கூட்டிப் போயிருக்கலாமோ. அந்த இடத்தைக் கேட்டு நான் ஜெபித்தது என் ஆசைக்காகவோ, அவளுக்காகவோ.

டொக்டரிடம் காட்டினோம். இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டும். எனக்கு அதுதான் பயத்தைத் தந்தது. நோய் வருத்தம் இருந்தால் அதற்கு மருந்து இருக்கும்.

என் கணவர் வத்தளையில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். அதிகம் கதைக்காத மனிதர்.

"புது ஸ்கூல்தானே. பழகிடுவாள். நீ சும்மா தோண்டாத," என்றார்.

நான் தோண்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் பெண்கள் ஜெபக்குழு சனிக்கிழமை பின்னேரங்களில் ஸ்டெல்லா அக்காவின் வீட்டில் கூடும். அவர்தான் குழுவை நடத்துபவர். தையல் வேலை செய்பவர். மெஷினை ஒரு பக்கம் தள்ளிவிட்டு நாங்கள் பாயில் வட்டமாக உட்காருவோம். அங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தன் ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். குறிப்பு திட்டமாக இருக்க வேண்டும். "குடும்பத்துக்காக" என்று சொன்னால் அக்கா விடமாட்டார். குடும்பத்தில் யாருக்கு, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்பார். திட்டமாகக் கேட்டால்தான் பதில் வரும்போது அது பதில் என்று தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்த முறை பிடித்திருந்தது. எதையும் ஒழுங்காகச் செய்தால் மனம் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறவள் நான்.

"பிள்ளை ஸ்கூல்ல கதைக்கிறாள் இல்ல அக்கா," என்றேன்.

"ஏனாம்?"

"தெரியாது."

"தெரியாம என்னெண்டு ஜெபிக்கிறது பிள்ளை? விலாசம் எழுதாமக் காயிதம் போடுற மாதிரியெல்லோ கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"போய் வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ. வாற கிழமை சொல்லுங்கோ. அடிச்சு ஜெபிப்பம்."

அந்தக் கிழமையும் அதற்கடுத்த கிழமைகளும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாராவது அடித்தார்களா. டீச்சர் ஏசினாவா. வானில் யாராவது ஏதாவது செய்தார்களா. கணக்கு விளங்கவில்லையா. இங்கிலிஷ் மீடியம் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்களா. முதலில் "இல்ல" என்றாள். பிறகு தலையை ஆட்டினாள். பிறகு அதுவும் இல்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. நான் அறைக்குள் போனால் அவள் குளியலறைக்குப் போவாள்.

வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டார். பாடசாலையில் உளவளத்துணைக்கு, பிள்ளைகளோடு மனம்விட்டுக் கதைக்க, ஒரு மிஸ் இருக்கிறார், அவரிடம் அனுப்பிப் பார்ப்போமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வரும்போது அந்த அறையைப் பார்த்தேன். மனையியல் அறைக்குப் பக்கத்தில் சிறிய அறை. அதற்குள்ளிருந்து ஒரு மாணவி வெளியே வந்தாள். படியில் நின்ற இரண்டு பேர் அவளைப் பார்த்து, "என்னடி, அழுது முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். அவள், "இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு, உனக்கும் தரவா?" என்றுவிட்டுப் போனாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு இல்லை. அந்தக் கதவால் என் பிள்ளை வெளியே வருவதை நினைத்துப் பார்த்தேன். நாலு பேர் பெயர் வைப்பார்கள். சபையில் தெரிந்தால் எனக்கு விசுவாசம் போதவில்லை என்பார்கள். அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன்.

ஒரு நாள் வான் வரவில்லை. நானே போய் அவளைக் கூட்டிக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் அவள். பம்பலப்பிட்டி தாண்டும்போது வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"நான் இல்லாட்டி உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும், என்ன அம்மா?"

பேரிக்காய் என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கோட்டையில் இறங்கும்வரை அந்தக் கையை விடவில்லை. அடுத்த பஸ்ஸிலும் விடவில்லை.

மறுநாள் காலை நான் அவளை வகுப்புக்கு அனுப்பவில்லை. நேரே அந்தச் சிறிய அறைக்குக் கூட்டிப் போனேன். பக்கத்து அறையில் பிள்ளைகள் கேக் செய்துகொண்டிருந்தார்கள். வனிலா வாசனை வந்தது. உள்ளே இருந்தவர் பஸீலா மிஸ். தெமட்டகொடையில் இருந்து வருபவர். என்னைவிட ஓரிரு வயது குறைவாக இருக்கலாம். பஸ்ஸில் மகள் கேட்டதைச் சொன்னேன். அவர் ஆச்சரியம் காட்டவில்லை. என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஷெரினுடன் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சாகணும் மாதிரி இருக்கா எண்டு நான் அவட்ட நேராவே கேட்டன்," என்றார். "மறைச்சுக் கேக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில பிள்ளைகளுக்கான மனநல டொக்டர் ஒருத்தரையும் இந்தக் கிழமையே பாக்கணும். கடிதம் தாறன். ஆனா மிச்சத்தை அவ எனக்குச் சொன்னா, அதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டன். உயிருக்கு ஆபத்தெண்டா மட்டும் சொல்லுவன். அத அவட்டயும் சொல்லிட்டன்."

"நான் அவட அம்மா, மிஸ்."

"ஓம். அதாலதான் முதல்லயே சொல்றன்."

டொக்டரைப் பார்த்தோம். மருந்து தேவையில்லை, அந்த மிஸ்ஸிடம் தொடர்ந்து போகட்டும், வீட்டில் தனியே விடாதீர்கள் என்றார். அவள் போனாள். கிழமையில் இரண்டு நாள், சங்கீதப் பாட நேரத்தில். வரைவார்களாம். மணி கோர்ப்பார்களாம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை ஸ்டெல்லா அக்கா கேட்டார்.

"காரணம் தெரிஞ்சுதா பிள்ளை?"

"மிஸ்ஸுக்குக் கொஞ்சம் தெரியும் போல. சொல்ல மாட்டாவாம்."

"அவ எந்தச் சபை?"

"முஸ்லிம், அக்கா."

"ம்ம்," என்றார் அக்கா. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

நான் வீட்டுக்குப் போய் அழுதேன். மகளுக்காக அழுதேனா, அவள் பேசத் தெரிவு செய்த ஆள் நானில்லை என்பதற்காக அழுதேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. என் பிள்ளை பேச வேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் ஜெபித்தேன். யாரிடம் என்று திட்டமாகச் சொல்லவில்லை. என்னிடம் என்பது எனக்குள் தானாகவே இருந்தது.

திங்கட்கிழமை நான் மறுபடி அந்த அறைக்குப் போனேன். எங்கள் ஜெபக்குறிப்பு முறையைப் பஸீலா மிஸ்ஸுக்கு விளக்கினேன். காரணம் தெரியாமல் என்னால் ஜெபிக்க முடியவில்லை என்றேன். ஒரு சொல் போதும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

"எனக்கு விளங்குது. ஆனா ஏலாது," என்றார். பிறகு மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தக் காரணமாக இருந்தாலும் விடுபடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். விடியற்காலை, சமையல் தொடங்குமுன், குசினியில் முழங்காலில் நின்று சொல்வேன். ஆண்டவரே, வான்காரர் காரணமென்றால் அவரை மாற்றும். கணக்கு மிஸ் காரணமென்றால் அவர் மனதை இளக்கும். நிறத்தைப் பற்றி யாராவது சொன்னார்களென்றால் அவர்கள் வாயை அடக்கும். பல்லுக்குக் கம்பி போட்டதால் வெட்கமென்றால். என் கோபம் காரணமென்றால். என் கணவர் வேலையால் பிந்தி வருவது காரணமென்றால். அது நாளுக்கு நாள் நீண்டது. சோறு பிந்தியது.

அப்படி ஒரு காலை நான் ஜெபத்தின் நடுவில் இருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அம்மா, அதெல்லாம் இல்ல."

ஷெரின் குசினிக் கதவில் நின்றாள். சட்டை போட்டிருந்தாள், தலை இன்னும் கட்டவில்லை.

"எல்லாம் பிழை பிழையாச் சொல்றீங்க. பாவம் அந்த வான் அங்கிள். அவர் என்ன செஞ்சவர்?"

எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முழுப் பேச்சு அது. நான் முழங்காலில் இருந்தபடியே திரும்பினேன்.

"அப்ப என்னெண்டு கேக்கட்டும்?"

அவள் யோசித்தாள்.

"சொல்ல மாட்டன். என்ட பேரை மட்டும் சொல்லுங்க. அவருக்குத் தெரியும்தானே."

பிறகு, "அம்மா, பால் பொங்குது," என்றாள். பொங்கிவிட்டது.

அன்று முதல் நான் அவளிடம் காரணம் கேட்கவில்லை. இது எளிதாக இருந்தது என்று எழுதினால் பொய். வாய் வரை வரும். விழுங்குவேன். காலையில் முழங்காலில் நின்று அவள் பெயரை மட்டும் சொல்வேன். சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். அந்த வெறும் நேரத்தில்தான் நான் முதன்முதலாகப் பேசாமல் ஆண்டவருக்கு முன்னால் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வட்டத்தில் என் முறை வந்தபோது, "குறிப்பில்லை, பெயர் மட்டும்," என்றேன்.

"என்ன பிள்ளை இது, புது விளையாட்டு?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"அவள் அப்பிடித்தான் கேட்டவள், அக்கா."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணை மூடினார். எப்போதும் சத்தமாக, நீளமாக ஜெபிப்பவர். அன்று அவள் பெயரைச் சொன்னார். பிறகு அவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கீழே தெருவில் பாண் விற்கும் வண்டியின் பாட்டு போய் முடியும்வரை எல்லோரும் சும்மா இருந்தோம். பிறகு ஆமென் என்றார்.

பதில் ஒரேயடியாக வரவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியில் முட்டை மட்டும் இல்லை. இன்னொரு நாள் பாதிச் சோறு இல்லை. அவள் வானில் ஏறும்போது ஜன்னலால் கை காட்டினாள். ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் ஒரு நாள் பகல் வகுப்பாசிரியை எனக்கு அழைப்பு எடுத்தார். பயந்துகொண்டே எடுத்தேன்.

"ஒண்டுமில்லை, சந்தோசமான விசயம்தான்," என்றார். "இண்டைக்கு இடாப்புக் கூப்பிடேக்க வாய் திறந்து 'பிரசன்ட் மிஸ்' எண்டவள். சின்னச் சத்தம்தான். வகுப்பே கை தட்டினது. நான் ஏசினன், பேசாம இருங்கோ, பிள்ளை திரும்பப் பயந்திடும் எண்டு."

நான் மார்க்கட்டில் நின்றேன். மரக்கறிக்காரர், "மொக்கத நோனா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டு நின்றதால் என்ன விசயம் என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒரு கட்டு கீரை கூடப் போட்டுத் தந்தார்.

மூன்றாம் தவணையில் ஒரு பின்னேரம் அவளை நானே கூட்டப் போனேன். கடலுக்குப் போவோமா என்று அவள் கேட்டாள். ரயில் பாதையைத் தாண்டி வெள்ளவத்தைக் கரையில் கற்களில் உட்கார்ந்தோம். இரண்டு இறால் வடை வாங்கினோம். அவள் தன்னுடையதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, என்னுடையதிலிருந்த இறாலையும் எடுத்துக்கொண்டு, நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் குசினியில் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட அது இல்லை. அதை இங்கே எழுதமாட்டேன். யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை என்பதை மட்டும் எழுதலாம் என்றாள். மிச்சம் அவளுடைய சாட்சி. சொல்ல வேண்டுமென்றால் ஒரு நாள் அவளே சொல்லட்டும்.

இப்போது அவள் ஏழாம் தரம். முற்றாகச் சுகம் என்று சொல்லமாட்டேன். சில திங்கட்கிழமைகளில் வயிறு நோகிறது என்கிறாள். பஸீலா மிஸ்ஸிடம் மாதத்துக்கு ஒரு தடவை போகிறாள். வருட முடிவில் நான் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன் மிஸ் என்றேன். "ஜெபியுங்க, எனக்கும் தேவைதான்," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கும் தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான். பாடசாலையில் அப்படி ஓர் அறை இருந்தால், அங்கே உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டால், அனுப்புங்கள். அது உங்கள் ஜெபத்துக்கு எதிரானது அல்ல. நான் பல கிழமைகள் அப்படி நினைத்துத் தள்ளிப் போட்டேன். என் ஆண்டவர் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார் என்று இப்போது நம்புகிறேன். அவர் எனக்குக் காரணத்தைத் தரவில்லை. பிள்ளையைத் தந்தார். நீங்களும் உங்கள் பிள்ளையை நம்பிக் கொடுங்கள்.

போன மாதம் எங்கள் வட்டத்துக்கு மட்டக்குளியில் இருந்து ஒரு தாய் புதிதாக வந்தார். அவர் முறை வந்தது. "மகன்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நாங்கள் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தோம்.

"பேர் என்ன?" என்றார் அக்கா.

"டிலான்."

"அது போதும் பிள்ளை," என்றார் அக்கா. "கண்ணை மூடுங்கோ."