நாலாம் வகுப்பாக நடித்தவர்கள்

நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப்போகிறவர்களுக்குக் கணக்கு எடுப்பது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனம். தென்னூரில் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். நர்சிங் கிடைக்காமல், கல்யாணம் தள்ளிப்போய், சரி, டீச்சர் வேலையாவது கிடைக்கட்டும் என்று வந்தவர்கள்தான் பாதிப் பேர். இவர்களை நம்பித்தான் ஊர் தன் பிள்ளைகளை அனுப்பப்போகிறது.

கோணமும் வடிவமும் வந்தால் என் வாய் இன்னும் கசக்கும். பாலக்கரையில் ஒரு கடையில் ரெடிமேடாக சார்ட் விற்கிறான். எல்லோரும் அதையே வாங்கிவந்து தொங்கவிடுவார்கள். அதில் எல்லா முக்கோணமும் சப்பணமிட்டு ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். சதுரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போச்சு, அது சதுரமே இல்லை என்பார்கள். சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று சொன்ன அன்று, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாகைமானியைத் தப்புப் பக்கத்திலிருந்து படித்து அறுபதை நூற்றிருபது என்று எழுதுவார்கள். கேட்டால் பாகைமானி மட்டமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

இதில் உச்சம் மைக்ரோ டீச்சிங். ஒருவர் சில நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். தாடி வளர்த்தவனும் தாலி கட்டிக்கொண்டவளும் கையைக் கட்டிக்கொண்டு, "எஸ் மிஸ்" என்று மழலை பேசுவார்கள். பதில் மட்டும் ஒன்றுகூடத் தப்பாது. உலகத்தில் எந்த நாலாம் வகுப்பும் இப்படிப் பதில் சொன்னதில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவேன்.

அன்றைக்கு எங்கள் முதல் மார்க்குக்காரி கோணம் நடத்தினாள். போர்டில் ஒரே அளவு விரிந்த இரண்டு கோணங்கள். ஒன்றின் கோடுகள் குட்டை, இன்னொன்றின் கோடுகள் நீளம். இரண்டும் சமம் என்று அறிவித்தாள். எல்லோரும் எஸ் மிஸ் போட்டார்கள். எனக்கு முன் பெஞ்சில் ஒரு கை மட்டும் மேலே நின்றது. பொன்மலைக்காரி. கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. தன் பிள்ளையை ஸ்கூலில் சேர்த்தபிறகு தானும் படிக்க வந்தவள். இந்த இரண்டு வருடப் படிப்பில் என் வகுப்பில் அதுவரை வாயே திறந்ததில்லை. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போய், இதே பாடத்தை நிஜப் பிள்ளைகளுக்கு நடத்தியாக வேண்டும்.

"மிஸ், கோடு நீளமா இருக்கிறதுதானே பெரிய கோணம்?"

வகுப்பு சிரித்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று ஒருத்தி கைதட்டினாள். நடத்தியவள் நோட்ஸில் இருந்ததைத் திருப்பிச் சொன்னாள்: கோட்டின் நீளத்துக்கும் கோணத்துக்கும் சம்பந்தம் இல்லை, மாணவர்களே.

"ஏன் மிஸ்?"

அதற்கு நோட்ஸில் பதில் இல்லை. முதல் மார்க்குக்காரி என்னைப் பார்த்தாள். நான் பொன்மலைக்காரியைப் பார்த்தேன். குரலில் மழலை இல்லை. தூக்கிய கையைக் கீழே போடவும் இல்லை. அவள் நடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேறு யாருக்கு இந்தச் சந்தேகம் என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. சரி, எல்லோருக்கும் ஒன்பது வயது, இப்போது சொல்லுங்கள் என்றேன். பாதி வகுப்பு கை தூக்கியது. நடத்திக்கொண்டிருந்தவளின் கையும் சாக்பீஸோடு மெல்ல மேலே போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் எழுந்து போய் வகுப்பறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தேன். பொன்மலைக்காரியைக் கூப்பிட்டு, பக்கத்திலிருந்த ஜன்னல் கதவை அதே அளவு திறக்கச் சொன்னேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னலை மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அப்ப கதவு பெருசா சின்னதாங்கறது கணக்கே இல்ல. எவ்வளவு திரும்புதோ அதுதான் கோணம்."

அதேதான் என்றேன். திங்கட்கிழமை பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் மேஜைக்கு வந்து நின்றாள். நாளைக்குச் சதுரம், செவ்வகம் எடுக்கும்போதும் தன்னையே பிள்ளையாக உட்கார வைக்க வேண்டுமாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இதை என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே?"

"பெரியவளா கேட்டா நீங்க ஒரு பார்வை பார்ப்பீங்களே மேடம். அதுக்குத்தான்."

குத்திக்காட்டவெல்லாம் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு வருடமாக இதைப் போய் மனதில் வைத்துக்கொண்டிருந்தாயா என்று கேட்க நிமிர்ந்தேன். நான் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் அவள் தலை குனிந்துகொண்டாள்.