கண்ணாடிக் கதவு இன்ஸ்பெக்டர்

"கையக் காட்டுங்க. திருப்புங்க. ம்... நகம்?"

பெரிய டாக்டரும் நகத்தைக் காட்டினார். காட்டாவிட்டால் அவள் போடும் கூச்சலில் வார்டே கூடிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அவளுக்கு வயது பத்து. தலையில் ஒரு முடி கிடையாது. முகக்கவசத்துக்கு மேலே தெரியும் இரண்டு கண்களும் வருகிறவர்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை சலித்தெடுக்கும். நர்சுகள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து, நோயோடு சேர்த்து அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் வழித்தெடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நுரையீரலில் பூஞ்சை புகுந்தது. பழைய தூசியிலும் ஈரச் சுவரிலும் இருக்கிற சாதாரணப் பூஞ்சைதான். நாமெல்லாம் அதைத் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டு ஒன்றும் ஆகாமல் திரிகிறோம். அவளுக்கோ அது உயிருக்கே உலை வைத்தது. புற்றுநோய் மருந்தையும் நிறுத்த வைத்தது. இப்போது பூஞ்சை அடங்கி வருகிறது. புதிதாக எதுவும் உள்ளே போகாமல் இருந்தால், அடுத்த வாரம் அந்த மருந்தை மறுபடி தொடங்கலாம்.

அதனால்தான் இத்தனை கெடுபிடி. பூங்கொத்தோடு வந்த சித்தியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "பூவுக்குள்ள யாரு குடியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சித்தி?"

பூஞ்சைக்கான மருந்து நரம்பில் இறங்கும்போது கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம் வரும். அம்மா பதறி அணைக்க வந்தால், பற்கள் தந்தியடிக்கச் சொல்வாள்: "விடும்மா. எனக்கா நடுங்குது? உள்ள இருக்கிற பூஞ்சைக்கு உதறல்!"

அவளுக்கு உயிர், மாமா. அம்மாவின் தம்பி, கொத்தனார். நோய் வந்த பிறகு எல்லோரும் அவளிடம் எல்லா விளையாட்டிலும் தோற்கத் தொடங்கிவிட்டார்கள். முழங்கை ஊன்றிக் கை மடக்கும் போட்டியில் மாமா மட்டும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

மறுநாள் வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர், பார்வை நேரம் முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தார். தேய்த்துக் குளித்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். அவள் அறையின் மூடிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, கேட்பதற்கு முன்பே நகத்தைக் காட்டினார். கை தேறியது. அவள் பார்வை தோளுக்குப் போனது.

"மாமா, அது வேலைக்குக் கொண்டுபோற பைதானே?"

"ஆமா கண்ணு. உனக்குக் கதைப் புத்தகம் வச்சிருக்கேன்." பெருமையாகப் பையைத் தட்டினார். நேற்று இடித்த பழைய சுவரின் தூசி சாம்பல் புகையாக எழும்பி அவர் சட்டையெல்லாம் படிந்தது.

மாமாவின் முகம் செத்துவிட்டது.

"தட்டிட்டியே மாமா! இப்போ உள்ள வர முடியாது. போ."

"நாளைக்கு ஊருக்குப் போயிட்டா வர மாசக்கணக்காகும்டா..."

"அப்போ மாசக்கணக்கு கழிச்சு வா. நான் எங்க போயிடப் போறேன்?"

சொல்லிவிட்டு அவள் முதுகைக் காட்டி நின்றாள். தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு மருந்துக் கம்பத்தை உருட்டிக்கொண்டு கதவை ஒட்டிய கண்ணாடி ஜன்னலுக்கு வந்தாள். ஊசியில்லாத கையின் முழங்கையைத் திண்டில் ஊன்றி, உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள்.

மாமாவுக்குப் புரிந்தது. வெளிப்பக்கம் முழங்கை ஊன்றித் தன் கையை அவள் கைக்கு நேராக வைத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக் கண்ணாடியை அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் கை மெல்லச் சாயத் தொடங்கியது.

அவள் படாரென்று கண்ணாடியைத் தட்டினாள். "ஏமாத்தாத!" என்று விரலை ஆட்டிவிட்டு, முழங்கையை மறுபடி ஊன்றினாள்.