தர்மபுரி நாலு ரோட்டில் ஒரு கடைப்படி

பொங்கல் விடுமுறையில் ஒகேனக்கல் பார்க்கச் சேலத்திலிருந்து கிளம்பினேன். தர்மபுரி நாலு ரோட்டில் இறங்கும்போது காலை எட்டரை மணி. டீ குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பதுதான் திட்டம். (அருவியைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும்.)

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை, இன்னும் திறக்கவில்லை. அதன் படியில் பெட்டி வைத்துப் பூட்டுக்குச் சாவி செய்துகொண்டிருந்தார் சலீம் பாய். எதிரே, பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி உட்கார இடமில்லாமல் நின்றார் லட்சுமியக்கா. அவர் வழக்கமாக உட்காரும் நடைபாதையில் முந்தின நாள்தான் கம்பி வேலி போட்டிருந்தார்கள்.

"எங்கம்மா காலத்துல நடுவுல புளியமரம் இருந்துச்சுங்க. மரத்தடியில வியாபாரம். ரோடு அகலமாக அகலமாக நாங்க பின்னால போனோம். இப்ப பின்னாலயும் எடமில்ல" என்றார் என்னிடம்.

"மரத்த வெட்டிட்டு ரவுண்டானா கட்டுனாங்க. அப்புறம் அதையும் இடிச்சிட்டு சிக்னல் வச்சாங்க" என்ற பாய், பெட்டியை ஓரமாக நகர்த்தினார். "நீங்க இங்க வாங்கக்கா."

அக்கா தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது பாத்திரக்கடைக்காரர் வந்துவிட்டார்.

"பாய், உங்களுக்குத்தான எடம் குடுத்தேன்? இன்னிக்கு ஒருத்தர வுட்டா நாளைக்கு நாலு பேர் வருவாங்க."

அக்கா எழுந்துவிட்டார். பாய் சாவிக்கொத்துகளை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"நீங்க எதுக்குப் பாய் எடுக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அவங்க எடத்துக்குப் பக்கத்துலயே இத்தன வருசம் ஒக்காந்துட்டேங்க. தனியா ஒக்கார மனசு வரல."

கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போனவர் திரும்பி வந்து, "படியில தண்ணி சிந்தாம பாத்துக்கங்க, வழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் உள்ளே போனதும் அக்கா பாயைக் கடிந்துகொண்டார். "அவரு வேணாம்னு சொல்லியிருந்தா பெட்டியத் தூக்கிட்டு எங்க போயிருப்பீங்க?"

"அத நான் யோசிக்கலியேக்கா."

நான் இன்னொரு டீ சொன்னேன்.

உங்களுக்கு ஒரு யோசனை. ஒகேனக்கலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். விடுமுறை நாளில் பரிசலுக்குக் கூட்டம் நெரியும், அதனால் சீக்கிரம் போய்விடுங்கள். ஆனால் பஸ் மாறுகிற இடத்தில் அரை மணி நேரமாவது நில்லுங்கள். ஊரை நான் அங்கேதான் பார்த்தேன்.

மாலையில் திரும்பி வந்தபோது, கொய்யாக்கூடையோடு ஒரு பெண் அந்தப் படியருகே தயங்கி நின்றிருந்தார். லட்சுமியக்கா கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தன் பூக்கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒக்காருங்க" என்றார்.