வராத ஓடிபியும் ராஜபாளையம் பஸ்ஸும்

காலை எட்டு மணி. வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெண்களுக்கு இலவசம், அந்த மட்டுக்கும் லாபம். அரசு ஆசிரியர் தேர்வுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். இரண்டு முறை எழுதித் தோற்றவள் நான். இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். ஆனால் வீட்டில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். காரணம், ஸ்டெல்லா.

ஸ்டெல்லா என் கொழுந்தனின் மனைவி. ராஜபாளையத்தில் இருக்கிறாள். அவளும் இதே தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டாள். எப்படி? சோபாவில் சாய்ந்துகொண்டு, சொந்த லேப்டாப்பில், வீட்டு வைஃபையில், டீ குடித்தபடி. போன ஞாயிறு ஊருக்கு வந்தபோது அவளே சொன்னாள். என் மாமியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவளோடு போட்டி போட்டுத் தோற்றவள் என்று பெயர் வாங்கக்கூடாதே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் ஒரு நெட் சென்டர். மணிக்கு முப்பது ரூபாய். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. மவுஸைத் தட்டினால்தான் நகரும். போட்டோ சைஸ் பெரிதென்று இரண்டு தடவை திருப்பியடித்தது. ஒருவழியாக ஆதார் எண்ணைப் போட்டு ஓடிபி கேட்டேன். என் போன் செத்தது மாதிரிக் கிடந்தது. கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "சர்வர் பிஸி அக்கா. செத்த நேரம் பொறுத்து மறுபடி அமுக்குங்க" என்றார். அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு டிங்கென்று ஓடிபி வந்தது. அவள் வேலையை முடித்து, பிரிண்ட் எடுத்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்றிருந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பாம், பேப்பரில் போட்டிருந்தார்களாம், சாயங்காலம்தான் வருமாம். கடையில் இருந்த இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டும்தான். ஆனாலும் முழு மணி நேரக் காசையும் வாங்கிக்கொண்டார் மனுஷன்.

ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏறுமுன் கண்டக்டரிடம் அங்கே கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். வரும்போது மில்லெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றார். அய்யனார் கோவில் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. ஸ்டெல்லா வீட்டுத் தெருமுனையை பஸ் தாண்டும்போது நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ராஜபாளையத்துக் கடையில் ஒரே கூட்டம். இடம் கிடைக்க ஒன்றரை மணி ஆகிவிட்டது. இங்கும் ஓடிபி வரவில்லை. கடை நடத்தும் பெண் எட்டிப்பார்த்தாள்.

"ஆதார்ல எந்த நம்பர் குடுத்தியளோ அதுக்குத்தான் போகும். கடைசி ரெண்டு நம்பர் இங்க காட்டுது பாருங்க. உங்களுதா?"

என்னுடையது இல்லை. ஸ்டெல்லாவுடையது. எங்கள் வீட்டில் புது ஆஃபர் வந்தால் சிம்மை மாற்றிவிடுவோம். ஆதாருக்குப் போன் நம்பர் கேட்டபோது, மாறாத நம்பர் அவளுடையது ஒன்றுதான் என்று குடும்பமே அதைக் கொடுத்தோம். அது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அப்படியானால் காலையிலிருந்து நான் அமுக்கிய அத்தனையும் அவள் கையில் போய் விழுந்திருக்கிறது.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வயது வரம்பு ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, உன் போனுக்கு..."

"கடைசியா வந்ததைச் சொல்லுதேன், போடுங்கக்கா" என்று எண்களை நிதானமாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று நான்தான் கேட்டேன்.

"காலையிலருந்து உங்க ஆதாரோட கடைசி நாலு நம்பரப் போட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு. நான் கூப்பிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும், நீங்களே கேக்கட்டும்னு போனைக் கையிலயே வச்சிருந்தேன். இன்னும் குளிக்கக்கூடப் போகலக்கா. அத்தைட்ட ஒண்ணும் சொல்லல."

சாப்பிட வீட்டுக்கு வரச்சொன்னாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கிருஷ்ணன்கோவில் வரை அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் ஓடிபி வந்ததுமே மாமியாருக்குப் போன் போட்டிருப்பேன். இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள், பாவி.