ரெண்டு கைச் சந்தனம்

பங்குனி வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு, சந்தனக்கூட்டுக்குத் தர்காவில் நின்றேன். சந்தன வாசனையில் அம்மா நினைவில் வந்துவிட்டாள்.

யாரிடமும் கையேந்தாத ஜனம் நாங்க. சேற்றில் எறா தடவிப் பிடித்து வெடித்த கைகளை அம்மா இங்கே மட்டும்தான் நீட்டுவாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று, முகத்துவாரத்தில் படகோடு காணாமல் போன நைனாவுக்கு.

"இன்னாம்மா, ரெண்டு கையா? கண்ணாலத்துக்கா போற?" முதல் வருசம் சந்தனம் கொடுத்த பாய் சிரித்தார்.

"எம் புருசன் வந்து பூசிக்கும் பாய்."

அப்புறம் அவர் சிரித்ததில்லை.

ஒரு வருசம் அம்மா ஒரு கையை மட்டும் நீட்டினாள். மற்றதைப் பார்த்தபடியே பாய் நின்றார். வீட்டுக்கு வந்ததும் வளையலை அவளே உடைத்தாள்.

மாசியில் கடலுக்குப் போன என் மகன் இன்னும் திரும்பவில்லை.

"கை நீட்டுங்கம்மா," என்றார்கள் சந்தனம் கொடுப்பவர்கள்.

ரெண்டையும் நீட்டினேன்.