பேட்டரிக்குக் குளிருதுங்க

சத்தியமாச் சொல்றேங்க, இதுல ஒரு சொல்லு பொய் இல்ல. டீ பெக்டரியில மிசினுக்குக் காவலா நிக்கிற ரோதமுனி சாமி மேல சத்தியம். என் கழுத்துல தொங்குற கேமரா மேல சத்தியம். அதுக்குள்ள செத்துச் செத்துப் பொழைக்கிற பேட்டரி மேலயும் சத்தியம்.

போட்டோ புடிக்கிற தொழில்னா என்னான்னு நெனைச்சீங்க? பாதி நேரம் ஆளுங்களப் பாத்து சிரிங்கன்னு சொல்றது, மீதி நேரம் பேட்டரியப் பாத்து அழுவுறது. நான் ஹட்டன்ல ஒரு ஸ்டூடியோவுல இருக்கேன். பள்ளிக்கூடத்துக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் போனேன், வகுப்புக்குள்ள போனேனான்னு மட்டும் கேக்காதீங்க. ஆனா ஒரு பாடம் நல்லாத் தெரியும். நம்ம ஊரு குளிரு மனுசனப் புடிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியப் புடிச்சுரும். கொழும்புல நாள் பூரா ஓடுற பேட்டரி, இங்க வந்தா நாலு பொம்பளைங்க சேலை மடிப்பு சரி பண்றதுக்குள்ள செகப்பு லைட்டப் போட்டுட்டுப் படுத்துரும். மூடுபனிக்குள்ள கேமரா தூக்குனவங்க, போனு செத்துப்போயி பஸ் ஸ்டாண்டுல முழிச்சவங்க எல்லாரும் கிட்ட வாங்க. நம்ம எல்லாரும் ஒரே கூட்டந்தான்.

என்கிட்ட மூணு பேட்டரி இருந்துச்சு. மொதல்ல செத்தத மொதல்ல சொல்றேன்.

ரெண்டு பக்கமும் வேகணும்

கந்தப்பளையில ஒரு வீட்டுல புள்ளைக்குப் பேரு வைக்கிற விசேசம். பாதியில பேட்டரி படுத்துருச்சு. குளிருல படுத்த பேட்டரி சாகலைங்க, அதுக்கு மயக்கம். ஒடம்புச் சூட்டுல கொஞ்ச நேரம் வச்சிருந்தா எந்திரிச்சு இன்னும் கொஞ்சம் ஓடும். எனக்கு அன்னைக்குச் சட்டையெல்லாம் மழையில ஊறிப்போச்சு. அதனால வேற பேட்டரியப் போட்டுக்கிட்டு, இத அந்த வீட்டு அக்காகிட்ட குடுத்து, "அக்கா, இதக் கொஞ்சம் சூடா வச்சிருங்க"ன்னு சொன்னேன். இடுப்புல சொருகிக்கும்னு நெனைச்சேன். அக்கா நேரா குசினிக்கு, அடுப்புக்கிட்ட போச்சு.

நான் பாட்டுக்குப் புள்ளைய எடுத்துக்கிட்டு இருக்கேன், ஒரு வாசம் வருது. ரொட்டி வாசமும் இல்ல, டயர் எரியிற வாசமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. ஓடிப்போயி பாத்தா ரொட்டிக் கல்லுல ரெண்டு தேங்கா ரொட்டி, நடுவுல என் பேட்டரி. ரொட்டியவிட நல்லா உப்பி இருக்கு! அக்கா கையில கரண்டி. இடுக்கியால தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் ஓடி மண்ணுல வீசுனேன். புஸ்ஸுன்னு ஒரு பொகை. புள்ளையோட அப்பன் புள்ளையத் தூக்கிக்கிட்டு அடுத்த லயத்து வரிசை வீட்டுக்கே ஓடிட்டான். அக்காவுக்கு மட்டும் கோவம். இடுப்புல கைய வச்சுக்கிட்டு என்னையத் திட்டுது:

"என்னா தம்பி இப்புடி அவசரப்படுறீங்க, ஒரு பக்கந்தான் வெந்துச்சு, மத்தப் பக்கம் இன்னும் பச்சையாக் கெடக்கு!"

கேமராவுக்கு ஒரு பிளாஸ்டர்

குளிரு ஒரு எமன்னா, இன்னொரு எமன் கேமராவுக்குப் பின்னாடி படம் தெரியிற கண்ணாடி. போட்டோ எடுக்கிறதுக்குப் பேட்டரி அவ்வளவாத் திங்காது. எடுத்தத அதுல போட்டுப் போட்டுப் பாக்குறதுதான் தின்னு தீர்க்கும். நம்ம ஆளுங்களப் பத்தித்தான் தெரியுமே. எடுத்த கையோட, "காட்டுங்க பாப்போம்." காட்டுனா, "ஐயோ கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்க." அதையும் காட்டுனா, "மொதல்ல எடுத்ததுதான் நல்லாருந்துச்சு, அதக் காட்டுங்க." அக்கரப்பத்தனையில ஒரு திருவிழாவுல இப்புடிக் காட்டிக் காட்டியே, தேரு கோயில விட்டு வெளிய வர்றப்ப கேமரா கண்ண மூடிருச்சு.

மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயி, ஐயாகிட்ட அகலமா ஒரு பிளாஸ்டர் கேட்டேன். "எங்க காயம்?"னாரு. "பேட்டரிக்கு ரத்தம் போகுதுங்கய்யா"ன்னேன். அவரு கத்திரிய எடுத்து வெட்டிக் குடுத்துட்டாரு. கண்ணாடிய மூடி ஒட்டிட்டேன். நம்ப மாட்டீங்க, அன்னைக்குப் பேட்டரி பொழுது சாயிற வரைக்கும் நின்னுச்சு! ஒருத்தரும் காட்டுங்கன்னு கேக்கல. கேக்காததுக்குக் காரணம் பொறவுதான் தெரிஞ்சுச்சு. கொழுந்துக் கூடையோட வந்த ஒரு பெரியம்மா நின்னு, கேமராவையே பாத்து, மடியிலருந்து துன்னூற எடுத்து அது மேல பூசிட்டுக் கேட்டுச்சு:

"பாவம், சின்ன வயசு, அதுக்குள்ளயே கண்ணு ஆப்ரேசனா தம்பி?"

இருவத்தோரு நாளு

இனி சொல்லப் போறது ஒரே கல்யாணம். பொண்ணு பேரு சுகந்தி, அதே அக்கரப்பத்தனைப் பக்கம். அவ அம்மா குவைத்துல ஒரு வீட்டுல வேலை, மக கல்யாணத்துக்கு லீவு குடுக்கல. எனக்குப் போன்ல பேசி அனுப்பிச்சு: "தம்பி, எம் மக சடங்கானதையும் நான் பாக்கல. அவ கழுத்துல தாலி ஏறுற அந்த ஒரு போட்டோ எனக்கு வேணும். மத்தத நீங்க எடுத்தா எடுங்க, எடுக்காட்டிப் போங்க." இப்புடி ஒரு ஆர்டர நான் வாங்குனதே இல்ல.

வீடியோ கோல்ல காட்டலாமேம்பீங்க. முந்தின நாள் அடிச்ச காத்துல சவுக்கு மரம் வயரு மேல சாஞ்சு, தோட்டம் பூரா கரண்ட் இல்ல. டவரும் படுத்துருச்சு. விடியிறப்ப எல்லாரு போனும் செத்துக் கெடக்கு. என் கூட்டாளி வீடியோ மணியோட கேமராவும் செத்துருச்சு. ஏன்னா நலுங்குல அவன் ஆடுன ஆட்டத்த அவனே எடுத்துக்கிட்டான். மிச்சம் என் பேட்டரி ரெண்டுதான். ஒண்ணு கேமராவுல, பாதி. இன்னொண்ணு முழுசா இருக்கு, தாலிக்குன்னு வச்சது. அத முந்தின ராத்திரியே மணிகிட்ட குடுத்து, "அக்குளுக்குள்ள வச்சுக்கடா"ன்னேன்.

காலையில கேட்டா, "எனக்குக் கூச்சமா இருந்துச்சு மச்சான், அதான் கோழிகிட்ட குடுத்துட்டேன்"ங்கிறான். ஆமாங்க! பொண்ணு வீட்டுப் பின்னாடி கூடையில ஒரு கோழி அடையில ஒக்காந்திருக்கு, இவன் பேட்டரிய முட்டையோட முட்டையாத் தள்ளி விட்டுட்டான். கைய விட்டா மணிக்கு ஒரு கொத்து, எனக்கு ரெண்டு கொத்து. ரத்தம் வருது. பொண்ணோட அத்தை, கையில பூவோட வந்து நின்னு பாத்துட்டு ரொம்பப் பொறுமையாச் சொன்னாங்க:

"விடுங்க தம்பி, இருவத்தோரு நாளு கழிச்சு வாங்க, அது தன்னால எந்திரிக்கும்."

நெருப்புக்குப் பக்கத்து ஆளு

சத்தம் கேட்டு சுகந்தியே வந்துருச்சு. கூரைப்புடவை கட்டியாச்சு, ஒரு காதுல ஜிமிக்கி, மத்தக் காது சும்மா இருக்கு. எங்க ரெண்டு பேரையும் பாத்துச்சு, கோழியப் பாத்துச்சு, எடது கையால றெக்கையோட சேத்து கோழிய அலாக்காத் தூக்குச்சு, வலது கையால பேட்டரிய எடுத்துச்சு, கோழிய மறுபடி ஒக்கார வச்சுருச்சு. கோழி ஒரு சத்தம் போடல! நான் கைய நீட்டுனேன், குடுக்கல.

"நீங்க வச்சாக் குளிருது, மணியண்ணே வச்சாக் கோழிக்குப் போகுது. இன்னைக்கு இந்தத் தோட்டத்துலயே நெருப்புக்குப் பக்கத்துல ஒக்காரப் போறவ நான் ஒருத்திதான், இது என் இடுப்புலயே கெடக்கட்டும் அண்ணே, அம்மா பாக்கணும்ல!"

இப்ப நம்புறேன்

கோயில்ல எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. கண்ணாடியில பிளாஸ்டர். எண்ணி எண்ணி அமுக்குறேன். ஓமம் வளத்தாச்சு, பொண்ணு ஒக்காந்தாச்சு. தாலிக்கு முன்னாடி மெதுவாப் போயி பேட்டரிய வாங்கிரலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்.

அப்பத்தான் மாப்பிள்ளையோட பெரியப்பா வந்தாரு. ஹட்டன்ல துணிக்கடை முதலாளி, சேலைய வெளிச்சத்துல புடிச்சுப் பாக்காம அவரு யாரையும் நம்புனதில்ல. "என்னா தம்பி, கேமராவுக்குக் கட்டுப் போட்டுருக்க? உள்ள ஒண்ணும் இல்லாம சும்மா டிக்கு டிக்குன்னு அமுக்குறியா?"ன்னாரு. "இல்லைங்க முதலாளி, பேட்டரிக்காக..."ன்னு நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள கேமராவ வாங்கி, பிளாஸ்டர சர்ருன்னு உரிச்சாரு. காலையிலருந்து எடுத்த அத்தனையையும் ஒண்ணொண்ணாப் பாக்குறாரு. பெருசாக்கிப் பாக்குறாரு. பொஞ்சாதியக் கூப்புட்டுக் காட்டுறாரு. அவுங்க தங்கச்சியக் கூப்புடுறாங்க. "முதலாளி, பேட்டரி, பேட்டரி"ன்னு நான் அவரச் சுத்திச் சுத்தி வாரேன். செகப்பு லைட்டு மின்னுது. அவரு அத அழகுக்கு வச்ச லைட்டுன்னு நெனைச்சாரு போல. கண்ணாடி கருத்துப் போச்சு. அவரு கேமராவ என் கையில வச்சு, தோள்ல தட்டிக் குடுத்தாரு:

"இப்ப நம்புறேன் தம்பி, நல்லாத்தான் எடுத்திருக்க. சரி சரி, தாலி கட்டப் போறாங்க, சட்டுன்னு எடு!"

கட்டவா, வேணாமா?

திரும்பிப் பாக்குறேன். ஐயரு தாலியத் தூக்கி மாப்பிள்ளை கையில குடுத்துட்டாரு. கெட்டிமேளம் எடுத்துருச்சு. நான் "தங்கச்சி, பேட்டரி!"ன்னு கத்துறேன், எனக்கே கேக்கல. பொண்ணு குனிஞ்ச தலை நிமிரல. மாப்பிள்ளை கை கழுத்துக்கிட்ட போயிருச்சு. குவைத்துல ஒரு பொம்பள இந்த ஒரு போட்டோவுக்காக ஒக்காந்திருக்கு, என் கையில செத்த கேமரா.

என்னைய அறியாம ஒரு காரியம் பண்ணிட்டேங்க. தவில்காரரு கையப் புடிச்சுட்டேன். மேளம் டக்குன்னு நின்னுச்சு. அந்த அமைதியில என் தொண்டை மட்டும் கோயில் பூரா கேக்குது: "நிப்பாட்டுங்க!"

கெட்டிமேளத்துல நிப்பாட்டுங்கன்னு சொன்னா என்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையோட அம்மா நெஞ்சுல கைய வச்சுட்டாங்க. ஐயரு வாய் தொறந்தது தொறந்தபடி. பெரியப்பா, நான் பொண்ணோட பழைய ஆளுன்னே முடிவு பண்ணி வேட்டிய மடிச்சுக் கட்டுறாரு. மாப்பிள்ளை மட்டும், பாவம், தாலிய அந்தரத்துல புடிச்சுக்கிட்டு என்னையப் பாத்துக் கேக்குறாரு, "அண்ணே, கட்டவா வேணாமா?"

"ஒரு நிமிசம் மாப்ள, பேட்டரி!"ன்னேன். சுகந்தி நிமிந்து பாத்துச்சு. என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிருச்சு. மாலைக்கு அடியில கைய விட்டு, இடுப்புலருந்து பேட்டரிய உருவி, ஓமத்துக்கு மேல வீசுச்சு. பெரியப்பா வேட்டிய மடிச்சபடியே குனிஞ்சாரு, அவரு தலைக்கு மேல நான் புடிச்சேன். சுடச்சுட இருந்துச்சுங்க, கோழி முட்டை மாதிரி. உள்ள போட்டேன், கேமரா கண்ணத் தொறந்துச்சு. "கட்டுங்க!"ன்னு கத்துனேன். கட்டுனாரு. அமுக்குனேன்.

ரெண்டு நாள் கழிச்சுக் கரண்ட் வந்துச்சு, போட்டோவ குவைத்துக்கு அனுப்பிச்சேன். பொறவு அந்த அம்மா பேசி அனுப்பிச்சாங்க, அழுவுறாங்களா சிரிக்கிறாங்களான்னு தெரியல:

"தம்பி, இதுல இருக்க அத்தனை பேரும் பேயடிச்ச மாதிரி வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாங்க, எம் மக ஒருத்தி மட்டும் சிரிச்சுக்கிட்டு இருக்கா, எனக்கு அது போதும், ஆனா அவ கொசுவத்த யாரு இப்புடி இழுத்து விட்டது?"

ஆக, பேட்டரி நின்னு ஓடணும்னா கண்ணாடிய மூடு, பெரியப்பாவத் தூரமா ஒக்கார வை, மிச்சத்த மணப்பொண்ணுகிட்ட குடுன்னு நான் ரத்தம் சிந்திக் கத்துக்கிட்ட அத்தனையும் ஓசியில கேட்டுட்டீங்க, அதனால ஆளுக்கு ஒரு பேட்டரி, நல்ல சாமானா, இடுப்புல வச்சுச் சூடாக் கொண்டாந்து குடுத்துட்டுத்தான் எடத்தக் காலி பண்ணணும்.