செல்வியைக் கேட்காமல் நான் சொன்ன பதில்

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய களைப்பு தீராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் எங்கள் எஸ்டேட் வீட்டுக்குப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி வந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சியாம். என் பதினைந்து வயது மகள் செல்வி பக்கத்திலேயே இருந்தாள். நான்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"தங்கச்சி ஸ்கூலுக்கு ஒழுங்கா போவுதாக்கா?" என்று செல்வியைக் காட்டிக் கேட்டாள் மாணவி.

"எங்க? வழியெல்லாம் அழுவா. பிடிவாதம்லா. அடிச்சாத்தான் நடப்பா."

செல்வி சட்டென்று மாணவியின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "சங்கு. காது வலிக்கிது," என்றாள்.

மத்தியானப் பள்ளிக்குப் போகும் வழியில் ரப்பர் ஆலைச் சங்கு ஊதும். அதற்கு அழுதவளையா இத்தனை நாள் அடித்தேன்? மாணவி என் பதிலுக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, செல்வி சொன்னதை எழுதினாள்.

இப்போது ஆலைப் பக்கம் போகாமல் சுற்று வழியில் போகிறோம். கால் கடுக்கத்தான் செய்கிறது. எதுவானாலும் முதலில் அவளைக் கேட்கிறேன். பதில் வர நேரமானால், வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.